ஏரிகள் நிறைந்த பகுதியில் மீன்பிடிப் பயணம்: வரைபடத்திலிருந்து படகுத்துறை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பின்லாந்தில் 500 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள ஏரிகளை எண்ணினால் ஏறத்தாழ 1,88,000 வரும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 10 ஏக்கருக்கு மேற்பட்டவை மட்டும் 11,842. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இரண்டரை லட்சம் இருக்கும் என்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குத் தூண்டிலோடு போகிறவர்களில் பலர் செய்வது ஒன்றுதான். காலையில் ஒரு ஏரி. இரண்டு மணி நேரம் ஒன்றும் கொத்தவில்லை என்றால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஏரி. சாயங்காலம் யாரோ வழியில் சொன்ன மூன்றாவது ஏரி. விடுமுறையில் பாதி சாலையிலும் மீதி படகை இறக்கி ஏற்றுவதிலும் போய்விடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு நாள் பயணத்துக்கு இரண்டு ஏரிகள் போதும். ஒன்று, நீங்கள் தேடும் மீனுக்குப் பேர்போன பெரிய ஏரி. இன்னொன்று, காற்று பலமாக அடிக்கும் நாளில் ஒதுங்கிக்கொள்ள, அதன் பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஏரி. எந்த ஏரியானாலும் அதன் அடித்தரையும் காற்றும் மீன் நடமாட்டமும் பிடிபட இரண்டு நாளாவது வேண்டும். அதற்குள் இடம் மாறுகிறவர் ஒவ்வொரு ஏரியிலும் முதல் நாளையே திரும்பத் திரும்ப வாழ்கிறார். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டு ஏரிகளைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவும், போய் இறங்குவதற்கு முன்பே அவற்றோடு பழகிக்கொள்ளவும்தான்.

படி 1: எந்த மீன் என்று முடிவெடுங்கள்

ஏரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதில் என்ன மீன் இருக்கிறது என்று பார்ப்பது தலைகீழ் வேலை. மீன்தான் முதலில். ஏனென்றால் மீனைப் பொறுத்துத்தான் மாதம், ஏரியின் ஆழம், படகு, தூண்டில் எல்லாமே மாறும்.

குழந்தைகளோடு போகிறீர்கள், அல்லது குழுவில் பாதிப் பேர் தூண்டிலையே தொடாதவர்கள் என்றால் பெர்ச், புளூகில் மாதிரியான சிறு மீன்கள்தான் சரி. கூட்டமாக இருக்கும், கரையை ஒட்டி இருக்கும், ஒரு மண்புழுவும் மிதப்பும் இருந்தால் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். இழுத்துப் போராடும் மீன் வேண்டும் என்றால் பாஸ் அல்லது பைக். பைக் பசியோடு பாய்ந்து கடிக்கும் மீன் என்பதால் புதியவருக்கும் மாட்டும். ஆனால் அதன் பல் சாதாரணத் தூண்டில் நரம்பை நொடியில் அறுத்துவிடும். வால்-ஐ (walleye) மீன் கொஞ்சம் நுணுக்கமானது. அதன் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் மங்கிய வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்கும். அந்தி, விடியல், மேகமூட்டம், அலையடிக்கும் தண்ணீர், இவைதான் அதன் வேட்டை நேரம். லேக் ட்ரவுட் குளிர்ந்த நீரைத் தேடும் மீன். கோடையில் மிக ஆழத்துக்குப் போய்விடும், ஒலி அலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் சோனார் கருவி இல்லாமல் தேடுவது சிரமம்.

முதன்மை மீன் ஒன்று, மாற்று மீன் ஒன்று. அதற்கு மேல் ஆசைப்பட்டால் சாமான் பெட்டி கனக்கும், கவனம் சிதறும்.

படி 2: எப்போது போவது

இந்தப் படியில் நிதானமாக உட்காருங்கள். ஏரி மீன்பிடிப்பில் பாதி விஷயம் தண்ணீரின் வெப்பநிலையில் அடங்கியிருக்கிறது.

தண்ணீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் மிக அடர்த்தியாக இருக்கும். குளிர்நாடுகளில் வசந்தத்தில் பனிக்கட்டி உருகும்போது ஏரி முழுவதும் மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட இந்த வெப்பநிலைக்கு வந்துவிடும். அப்போது காற்றடித்தால் மேல்நீரும் அடிநீரும் தாராளமாகக் கலக்கும், ஆக்சிஜன் அடிவரை போகும். பிறகு வெயில் ஏற ஏற மேல்நீர் சூடாகி லேசாகிறது, அடிநீர் குளிராகவே தங்கிவிடுகிறது. நடுவே சில மீட்டர் ஆழத்துக்குள் வெப்பநிலை மளமளவென்று இறங்கும் ஒரு அடுக்கு உருவாகிறது. தெர்மோகிளைன் என்று தூண்டில்காரர்கள் சொல்வது இதைத்தான். கோடையில் ஆழமான ஏரிகள் இப்படி மூன்று தட்டாகப் பிரிந்து கிடக்கும்.

இதில் தூண்டில்காரருக்கு என்ன வந்தது? செடியும் பாசியும் மண்டிய வளமான ஏரியில், அடியில் விழுந்து அழுகும் கழிவு அங்குள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். கோடை முடிவதற்குள் தெர்மோகிளைனுக்குக் கீழே மீன் வாழ முடியாத நிலை வந்துவிடும். அங்கே 12 மீட்டர் ஆழத்தில் தூண்டில் போட்டுக் காத்திருப்பது வீண். அதே கோடையில், தெளிந்த ஆழமான ஏரியில் அடிநீரில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். லேக் ட்ரவுட் அங்கேதான் இருக்கும். ஒரே மாதம், ஒரே ஆழம். ஒரு ஏரியில் மீன் உண்டு, மற்றதில் இல்லை.

இனி பருவம் பருவமாகப் பார்ப்போம்.

பனி உருகியவுடன் பைக் முட்டையிட ஆழமில்லாத, செடி மூழ்கிய ஓரங்களுக்கு வரும். தண்ணீர் 6 முதல் 10 டிகிரி வரும்போது வால்-ஐ முட்டையிடும். ஸ்மால்மவுத் பாஸ் 15 டிகிரி தாண்டிய பிறகுதான் கூடு கட்டும். இந்தக் காலங்களில் மீன் கரையோரம் இருப்பதால் பிடிப்பது எளிது. அதனாலேயே பல இடங்களில் அப்போது பிடிக்கத் தடை இருக்கிறது. மினசோட்டாவின் உள்நாட்டு ஏரிகளில் வால்-ஐ பருவம் மே மாத நடுவில்தான் தொடங்குகிறது. பருவம் திறந்த முதல் வாரக் கடைசியில் படகுத்துறைகளில் கூட்டம் நெரியும். என்னைக் கேட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் போவேன். மீன் இன்னும் ஆழத்துக்குப் போயிருக்காது, ஆள் நடமாட்டம் குறைந்திருக்கும்.

வசந்தத்தில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. வடகோளத்தில் ஏரியின் வடக்குக் கரை தெற்கு வெயிலை நேராக வாங்குவதால் அங்குள்ள விரிகுடாக்கள் முதலில் சூடேறும். அடியில் கருஞ்சேறு இருந்தால் இன்னும் சீக்கிரம். அந்த வேளையில் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசமே இரை மீன்களை அங்கே கூட்டிவிடும். ஒரு சாதாரண வெப்பமானியைக் கயிற்றில் கட்டி வைத்துக்கொண்டால் போதும்.

நடுக்கோடை குடும்பத்தோடு போக நல்லது, மீன்பிடிக்கச் சுமார்தான். விடியலும் அந்தியும்தான் உங்கள் நேரம், நண்பகல் நீச்சலுக்கும் தூக்கத்துக்கும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து இறங்கி ஏரி மறுபடி கலக்கும். அந்தக் கலக்கம் நடக்கும் நாட்களில் மீன் சிதறிப்போகும், கண்டுபிடிப்பது கஷ்டம். அது முடிந்த பிறகு குளிர்காலத்துக்குமுன் வயிற்றை நிரப்பிக்கொள்ளப் பெரிய மீன்கள் ஓயாமல் இரை தேடும். குளிரைத் தாங்க முடிந்தவர்களுக்குப் பெரிய மீன் பிடிக்க இதைவிட நல்ல பருவம் இல்லை.

படி 3: ஏரியைத் தேர்ந்தெடுங்கள்

மீனும் மாதமும் முடிவானால் பட்டியல் தானாகவே சுருங்கும். ஆயிரம் ஏரிகளில் உங்கள் மீன் நன்றாக வாழ்வது நூறில் இருக்கலாம். அதில் படகு இறக்க வசதி, தங்க இடம் என்று பார்த்தால் பத்துப் பதினைந்து மிஞ்சும்.

ஏரிகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் வகை ஆழமான, பாறைக்கரை கொண்ட, தெளிந்த ஏரி. சத்து குறைவு, மீன் எண்ணிக்கையும் குறைவு, ஆனால் ட்ரவுட் இருக்கும். இரண்டாவது வகை நடுத்தர ஆழம், நடுத்தரத் தெளிவு. வால்-ஐ, ஸ்மால்மவுத், பெர்ச் எல்லாம் இங்கே நன்றாக வளரும். மூன்றாவது வகை ஆழமில்லாத, செடி அடர்ந்த, கலங்கலான ஏரி. லார்ஜ்மவுத் பாஸ், பைக், கெண்டை வகைகள் இங்கே கொழிக்கும்.

ஏரி எந்த வகை என்று தெரிய செக்கித் தட்டு அளவைப் பாருங்கள். வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளப்பது இது. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி 1865இல் தொடங்கிவைத்த முறை. இன்றும் ஏரி ஆய்வாளர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 5 மீட்டருக்கு மேல் தட்டு தெரிகிறது என்றால் தெளிந்த ஏரி. பகலில் மீன் ஆழத்தில் ஒதுங்கும், மெல்லிய நரம்பு வேண்டும், விடியலையும் அந்தியையும் நம்ப வேண்டும். ஒரு மீட்டரிலேயே மறைகிறது என்றால் மீன் பகலிலும் ஓரத்தில் இருக்கும், பளிச்சென்ற நிறமுள்ள, அதிர்வு தரும் இரை வேண்டும்.

பல பகுதிகளில் அரசு மீன்வளத் துறை ஏரிவாரியாக ஆய்வு அறிக்கை வெளியிடுகிறது. சோதனை வலையில் எந்த மீன் எத்தனை கிடைத்தது, என்ன நீளம், எந்த ஆண்டு குஞ்சு விட்டார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். எண்ணிக்கையைவிட நீள அட்டவணையை உற்றுப் பாருங்கள். ஒரே அளவுச் சின்ன மீன்கள் குவிந்திருந்தால் கொத்து நிறையக் கிடைக்கும், பெரிய மீன் கிடைக்காது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று எல்லா அளவும் பரவியிருந்தால் அது ஆரோக்கியமான ஏரி. விடுதி விளம்பரத்தில் இருக்கும் ஒற்றைப் பெரிய மீனின் படத்தைவிட இந்த அட்டவணையை நான் பல மடங்கு நம்புவேன்.

முதன்மை ஏரியை முடிவு செய்தபின், அதிலிருந்து அரைமணி நேரப் பயணத்துக்குள் ஒரு சின்ன ஏரியைத் தேடுங்கள். மரம் சூழ்ந்ததாக, ஒடுங்கியதாக இருக்க வேண்டும். இது ஏன் அவசியம் என்பது பாதுகாப்புப் பகுதியில் வரும்.

படி 4: உரிமமும் விதிகளும்

ஏரிகள் நிறைந்த பகுதியில் விதிகள் ஏரிக்கு ஏரி மாறும். பொது விதியைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள், உங்கள் இரண்டு ஏரிகளின் பெயரையும் தனி விதிப் பட்டியலில் தேடுங்கள்.

நாட்டுக்கு நாடு அடிப்படையே வேறு. சுவீடனில் வேனெர்ன், வெட்டெர்ன், மேலாரென், யெல்மாரென், ஸ்டூர்ஷோன் ஆகிய ஐந்து பெரிய ஏரிகளில் கைத்தூண்டில் போட உரிமம் தேவையில்லை, மற்ற ஏரிகளில் அந்தந்த நீர்ப்பகுதிக்கான அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பின்லாந்தில் நரம்பைச் சுற்றும் ரீல் இல்லாத சாதாரணத் தூண்டிலுக்குப் பெரும்பாலான இடங்களில் கட்டணம் இல்லை, ரீலும் லூர் எனப்படும் செயற்கை இரையும் என்றால் மீன்வளக் கட்டணம் உண்டு. ஒண்டாரியோவில் இரண்டு வகை உரிமம் இருக்கிறது. பிடித்து விட்டுவிடுவதே நோக்கம் என்றால் குறைந்த எண்ணிக்கை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் உரிமமே போதும். லேக் ஆஃப் தி வுட்ஸ் என்ற ஏரி மினசோட்டா, ஒண்டாரியோ, மானிட்டோபா மூன்றிலும் பரவிக் கிடக்கிறது. தண்ணீரில் கோடு எதுவும் தெரியாது, ஆனால் எல்லை தாண்டினால் உரிமமும் வேறு, விதியும் வேறு.

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள் அளவு என்பது ஒரு நாளில் நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடியது. கையிருப்பு அளவு என்பது குளிர்பெட்டியிலும் வீட்டிலும் சேர்த்து உங்களிடம் மொத்தமாக இருக்கக்கூடியது. நான்கு நாள் பிடித்ததை நான்கு நாள் அளவாகக் கூட்டிக்கொள்ள முடியாத இடங்களே அதிகம். மூன்றாவது நீள வரம்பு. சில ஏரிகளில் குறிப்பிட்ட இரண்டு நீளங்களுக்கு இடைப்பட்ட மீனைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும், அவைதான் முட்டையிடும் தாய்மீன்கள். படகில் அளவுகோல் ஒட்டி வைத்திருப்பது இதற்காகத்தான்.

உயிர் இரைக்கும் தனி விதி உண்டு. வெளியிலிருந்து இரைக்காக உயிர்மீனையோ அட்டையையோ ஒண்டாரியோவுக்குள் கொண்டுவரக் கூடாது. எங்கே போனாலும் இரையைப் போய்ச் சேர்ந்த இடத்திலேயே வாங்குவது நல்லது.

படி 5: வரைபடத்தில் ஏரியைப் படியுங்கள்

ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டிய முக்கியமான வேலை இது. ஏரியின் ஆழ வரைபடத்தைத் தாளில் பெரிதாக அச்செடுத்து மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பார்த்தால் ஏரியின் முழு உருவம் மனதில் பதிவதில்லை.

வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கிறது. கோடுகள் நெருக்கமாக இருந்தால் தரை செங்குத்தாக இறங்குகிறது. அகலமாக இருந்தால் மேட்டுத்தளம். கரையிலிருந்து ஒரு நிலமுனை ஏரிக்குள் நீண்டிருப்பதைக் கண்டுபிடியுங்கள். அது தண்ணீருக்கு மேல் முடிந்தாலும் கோடுகளைத் தொடர்ந்து பார்த்தால் நீருக்கடியில் இன்னும் நூறு இருநூறு மீட்டர் ஓடுவது தெரியும். இப்போது அதன் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். கிழக்குப் பக்கம் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, 3 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குச் சட்டென்று இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். மேற்குப் பக்கம் 2 மீட்டர் ஆழத்தில் அகன்ற தளம் விரிந்து கிடக்கிறது. மீன் பகலில் செங்குத்துப் பக்கத்தில் ஆழத்தில் படுத்திருக்கும். வெளிச்சம் மங்கியதும் முனையைச் சுற்றிக்கொண்டு மேற்குத் தளத்துக்கு இரை தேட ஏறும். ஆக மதியம் கிழக்குப் பக்கம், அந்தியில் முனையின் நுனி, இருட்டும்போது தளத்தின் ஓரம். ஒரே முனையில் ஒரு முழு நாளுக்கான திட்டம் கிடைத்துவிட்டது.

இதேபோல ஏரி நடுவே மூழ்கிய மேடுகளைத் தேடுங்கள். சுற்றிலும் 9 மீட்டர் ஆழமிருக்க, நடுவில் 3 மீட்டர் என்று சின்ன வளையமாகக் காட்டியிருக்கும். கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலர் கடந்து போய்விடுவார்கள். இரண்டு தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய வழி, ஓடை வந்து கலக்கும் வாய், செடிப்படுகை முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பு, இவையும் நல்ல இடங்கள். ஒவ்வொரு ஏரியிலும் ஆறு இடங்களைப் பேனாவால் வட்டமிடுங்கள். அவை எல்லாம் ஒரே கரையில் இருக்கக் கூடாது. எந்தத் திசையிலிருந்து காற்றடித்தாலும் இரண்டு இடமாவது போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

படி 6: தங்குமிடமும் படகும்

ஏரிக்கரையிலேயே, சொந்தப் படகுத்துறை உள்ள இடத்தில் தங்குவது மற்ற எல்லா வசதியையும்விட மேல். விடியலுக்கு அரைமணி முன் எழுந்து படகில் ஏறலாம், மதியம் திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்கலாம், அந்திக்கு மறுபடி போகலாம். இருபது கிலோமீட்டர் தள்ளித் தங்கினால் அந்த விடியல் நேரம் சாலையில் கழியும்.

முன்பதிவு செய்யும்போது தொலைபேசியில் பேசுங்கள். படகின் நீளம், எஞ்சின் திறன், சோனார் இருக்கிறதா, லைஃப் ஜாக்கெட் எல்லோர் அளவுக்கும் இருக்கிறதா, மீன் சுத்தம் செய்ய இடம் உண்டா என்று கேளுங்கள். கடைசியாக, நீங்கள் போகும் வாரத்தில் மீன் வழக்கமாக எந்த ஆழத்தில் கிடைக்கும் என்று கேளுங்கள். எங்கே என்று கேட்டால் தயங்குவார்கள், எந்த ஆழம் என்று கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள். உங்களுக்கும் அதுதான் அதிகம் பயன்படும்.

முதல் நாளுக்கு மட்டும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்ல செலவு. கடைசி நாளுக்கு அமர்த்துவதில் பயனில்லை. அவர் கற்றுக்கொடுத்ததை வைத்து மீதி நாட்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

படி 7: தூண்டில் சாமான்

ஆளுக்கு இரண்டு தூண்டில் போதும். ஏழடி நீளம், நடுத்தர வலு, 2500 அளவு ஸ்பின்னிங் ரீல், மூன்று நான்கு கிலோ தாங்கும் நரம்பு. இது பெரும்பாலான வேலையை முடிக்கும். இரண்டாவது தூண்டில் கொஞ்சம் கனமாக, பைக்குக்கு. அதில் நுனியில் கம்பி இணைப்பு கட்டாயம்.

லூர் பெட்டியில் பல எடைகளில் ஜிக் (தலையில் எடை பொருத்திய முள்), சில ஸ்பின்னர் (சுழலும் தகடுள்ள லூர்), ஆழத்தில் நீந்தும் மீன் வடிவ லூர் இரண்டு மூன்று, மிதப்புகள், வெவ்வேறு அளவில் தூண்டில் முட்கள். ஈயக்குண்டுக்குப் பதில் டங்ஸ்டன் அல்லது தகரத்தில் வாங்குங்கள். அறுந்து விழும் ஈயத்தைக் கல் என்று நினைத்து விழுங்கும் லூன் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுக்குத் தடையே இருக்கிறது.

முள் கழற்றும் நீளமூக்குக் குறடு, ரப்பர் கண்ணிக் கைவலை, முள்வெட்டி, போலரைஸ்டு கண்ணாடி, மழைச்சட்டை, கொசுவிரட்டி. மழைச்சட்டையை வானம் தெளிவாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். விடியலில் ஓடும் படகில் காற்று எலும்பைத் துளைக்கும்.

படி 8: பாதுகாப்பு

ஏரி கடலைவிடச் சாது என்ற எண்ணம் ஆபத்தானது. மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது, ஆனால் அதன் மிகக்கூடிய ஆழமே 13 மீட்டர்தான். அப்படி அகன்ற, ஆழமில்லாத நீரில் காற்று நீண்ட தூரம் தடையின்றி ஓடிவந்து குத்துக்குத்தான, நெருக்கமான அலைகளைக் கிளப்பும். காலையில் கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் மதியத்துக்குள் சின்னப் படகால் கடக்க முடியாததாகிவிடும். காலைக் காற்று முன்னறிவிப்பில் பலத்த காற்று என்றிருந்தால், அல்லது அலைகளின் தலை வெள்ளையாக உடைவது தெரிந்தால், அன்று சின்ன ஏரிக்குப் போங்கள். இரண்டாவது ஏரியை முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருப்பது இதற்குத்தான். போக வேறு இடம் இல்லாதவர்கள்தான் துணிந்து பெரிய ஏரியில் இறங்குவார்கள்.

பலருக்குத் தெரியாதது குளிர்நீர் அதிர்ச்சி. வசந்தத்தில் காற்று இதமாக இருக்கும், தண்ணீரோ 8 டிகிரியில் இருக்கும். விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும், அந்த நேரத்தில் தண்ணீரைக் குடித்தே பலர் இறக்கிறார்கள். அடுத்த பத்து நிமிடம்வரைதான் கைகால் ஓரளவு சொன்னபடி கேட்கும், படகைப் பிடித்து ஏறுவதானால் அதற்குள் ஏற வேண்டும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நீச்சல் தெரியுமா என்பது இங்கே இரண்டாம் பட்சம். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை, அது உடம்பில் இருக்க வேண்டும். எஞ்சின் நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இடி கேட்டால் உடனே கரைக்கு. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர். எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தீவுகள் நிறைந்த ஏரியில் எல்லாத் தீவும் ஒன்றுபோலவே தெரியும். கைபேசியோடு ஒரு காந்த ஊசியும் தாள் வரைபடமும் கையில் இருக்கட்டும்.

படி 9: தண்ணீரில் ஒரு நாள்

முதல் நாள் காலையில் காற்று எந்தக் கரையில் மோதுகிறது என்று பாருங்கள். காற்று மோதும் கரைதான் முதல் தேர்வு. காற்று மிதவை உயிர்களை அந்தப் பக்கம் தள்ளும், அவற்றைத் தேடிச் சின்ன மீன் வரும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். அலை வெளிச்சத்தை உடைப்பதால் மீனுக்குக் கூச்சமும் குறையும். அமைதியான கரையில் உட்கார்ந்து பிடிக்கத்தான் மனம் போகும், ஆனால் மீன் பெரும்பாலும் எதிர்க்கரையில் இருக்கும். உங்கள் படகுக்குத் தாங்கும் காற்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டமிட்ட முதல் இடத்தில் நின்றவுடன் தூண்டில் வீசாதீர்கள். சோனாரை ஓடவிட்டு அதன் மேல் இரண்டு முறை மெதுவாகக் கடந்து, விளிம்பு எந்த ஆழத்தில் இருக்கிறது, இரை மீன் கூட்டம் எந்த ஆழத்தில் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு 2 மீட்டரில் தொடங்கி 4, 6, 8 என்று ஒவ்வொரு ஆழத்திலும் சில வீச்சு. படகில் இருவர் இருந்தால் இருவரும் வெவ்வேறு ஆழத்தில் பிடியுங்கள். ஒருவருக்குக் கொத்தியதும் மற்றவரும் அந்த ஆழத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

அரைமணி நேரம் ஒன்றுமே இல்லையா? முதலில் ஆழத்தை மாற்றுங்கள். அடுத்து இழுக்கும் வேகத்தை. லூரின் நிறத்தைக் கடைசியாக. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து, மீன் இல்லாத ஆழத்தில் பத்து நிறங்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு மீன் மாட்டியதும் ஆழம், மணி, தண்ணீர் வெப்பநிலை, காற்றின் திசை, தரை பாறையா செடியா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மீனும் அதே மாதிரி இடத்தில் கிடைத்தால், வரைபடத்தில் அதே அமைப்புள்ள மற்ற இடங்களுக்குப் போங்கள். மூன்றாம் நாளுக்குள் ஏரி உங்களுக்கு வசப்படத் தொடங்கும்.

படி 10: வைத்துக்கொள்வதும் விடுவதும்

விடப்போகும் மீனைத் தொடும்முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பைத் துடைத்துவிடும், அதுதான் அதற்கு நோய்க் காப்பு. கைவலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுக்க வேண்டும் என்றால் கேமராவைத் தயார் செய்த பிறகு மீனைத் தூக்குங்கள். வயிற்றுக்கு ஒரு கை, வால் அடிக்கு ஒரு கை, கிடைமட்டமாக, சில நொடிகள் மட்டும். தாடையில் தொங்கவிட்டுத் தூக்கினால் பெரிய மீனின் உள்ளுறுப்பும் முதுகெலும்பும் பாதிக்கப்படும். முள்ளை விழுங்கிவிட்டிருந்தால் தோண்டி எடுக்காமல் நரம்பை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ஆழத்திலிருந்து இழுத்த மீன் வேறு கதை. வால்-ஐ, பெர்ச், பாஸ் ஆகியவற்றின் காற்றுப்பை மூடியது. பத்து மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் பை உப்பி, விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மிதக்கும். ட்ரவுட் காற்றை வாய்வழியாக வெளியேற்றக்கூடியது, அதனால் ஓரளவு தப்பும். ஆகவே ஆழத்தில் வால்-ஐ, பெர்ச் பிடிப்பதானால் சமையலுக்கு மட்டும் பிடியுங்கள், தேவை முடிந்ததும் இடத்தை மாற்றுங்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிய நாட்களில் ட்ரவுட் பிடித்து விடுவதையும் தவிர்த்துவிடுங்கள், களைத்த மீன் அந்தச் சூட்டில் மீள்வது அரிது.

உணவுக்கு நடுத்தர மீன்களையே எடுங்கள். பெரிய தாய்மீன்தான் அதிகம் முட்டையிடும். மேலும் வயதான, மற்ற மீனைத் தின்னும் மீனின் சதையில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் எவ்வளவு சாப்பிடலாம் என்று பல ஏரிகளுக்கு அரசு அறிவுரை வெளியிட்டிருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள். எடுத்த மீனை உடனே கொன்று, செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு, பனிக்கட்டியில் வையுங்கள். கயிற்றில் கோத்து வெதுவெதுப்பான தண்ணீரில் நாள் முழுக்கத் தொங்கவிட்ட மீனின் சதை குழைந்துபோகும்.

படி 11: ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்கு

காற்றடிக்கும் நாளில் பெரிய ஏரியிலிருந்து சின்ன ஏரிக்குப் படகைக் கொண்டுபோகிறீர்கள். அந்த நேரத்தில்தான் பெரிய சேதம் நடக்கக்கூடும். காஸ்பியன், கருங்கடல் பகுதியைச் சேர்ந்த வரிக்குதிரைச் சிப்பி 1988இல் வட அமெரிக்காவின் பெரும் ஏரிகள் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை, படகின் அடியில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீரில் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒருமுறை நுழைந்த ஏரியிலிருந்து அவற்றை முழுமையாக ஒழிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

படகைக் கரையேற்றியவுடன், துறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, வண்டிச் சக்கரம், டிரெய்லர், எஞ்சின் விசிறி, நங்கூரக் கயிறு எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் செடியைக் கையால் பிய்த்து எடுங்கள். வடிகால் மூடியைக் கழற்றி எல்லாத் தண்ணீரையும் வடியவிடுங்கள். மினசோட்டாவில் மூடியைக் கழற்றி வைத்தபடியேதான் சாலையில் படகை இழுத்துச் செல்ல வேண்டும் என்பது சட்டம். மீந்த இரையை ஏரியில் கொட்டாமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள், மண்புழுவுக்கும் இது பொருந்தும். இரை வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் நிரப்புங்கள். முடிந்தால் படகை வெந்நீரால் கழுவுங்கள், அல்லது ஐந்து நாள் வெயிலில் காயவிடுங்கள். பயணத்துக்குள் ஐந்து நாள் காயவைக்க முடியாது என்பதால், என் வழக்கம் சின்ன ஏரிக்குச் சொந்தப் படகைக் கொண்டுபோகாமல் அங்கேயே கிடக்கும் வாடகைத் துடுப்புப் படகை எடுப்பது. கைவலை, பூட்ஸ், நங்கூரம் மூன்றையும் மட்டும் இரண்டு ஏரிக்கும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் போதும்.